வணிகக் கல்லூரி வாசலில் ஒரு பரீட்சை

(ஸ்கந்தபுரத்தில் நடைபெற்ற சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சமயச் சார்பான ஒரு சங்கத்தின் மேடையிலே வணிகப் படிப்புக்குரிய பிரவேசப் பரீட்சையைப் பற்றிப் பேசுவது பொருத்தமோ என்று செயலாளரிடம் கேட்டேன். "சமயத்தைப் பற்றிப் பேசப் பெரியவர்கள் இருக்கிறார்கள், நீர் கொழும்புக்குப் போய்ப் படித்து வந்ததைப் பேசும், இப்போது பிள்ளைகள் கேட்பதெல்லாம் அதைத்தான்" என்றார். அவர் சொன்னது மெய்யென்பது இங்கு வந்து சேர்ந்த உடனேயே தெரிந்துவிட்டது. பந்தலுக்குள் நுழையுமுன்பே ஒரு தாயார் என்னை நிறுத்தி, "தம்பி, அந்தக் கொழும்பு வகுப்புக்குக் காசு கட்டினால் பிள்ளை பாஸ் பண்ணுமே?" என்று கேட்டார். மகள் வணிகமாணிப் பட்டம் பெற்றவளாம். காசுக்கு என்ன யோசனை என்று வினவினேன். கையிலிருந்த காப்பைத் தொட்டுக் காட்டினார்.

அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் மறுமொழி சொல்ல முடியவில்லை. ஆகையால் இன்றைய பேச்சு முழுவதையுமே அதற்கு மறுமொழியாக வைத்துக்கொள்ளுகிறேன்.

முதலாவது, அந்தப் பரீட்சையிலே பாஸ் என்பதும் இல்லை, பெயில் என்பதும் இல்லை. ஜிமாட் என்று அழைக்கப்படும் இது, வணிக முகாமைத்துவத்தில் மேற்பட்டப் படிப்புக்கு ஆட்களைத் தெரிவதற்காக அமெரிக்காவிலே உண்டானது. 1953 ஆம் ஆண்டில் ஒன்பது வணிகக் கல்லூரிகள் கூடி யோசித்து, 1954 இல் முதற் பரீட்சையை நடத்தின. இன்றைய பெயர் 1976 இல் வந்தது. 1997 முதல் அது காகிதத்தை விட்டுக் கணினிக்கு மாறியது. பரீட்சை தருவது ஒரு புள்ளி மாத்திரமே: இப்போதைய முறையில் 205 இலிருந்து 805 வரை. அந்தப் புள்ளி போதுமா போதாதா என்று முடிவு செய்வது கல்லூரி. ஒரு கல்லூரிக்குப் போதுமானது இன்னொரு கல்லூரிக்குப் போதாது. புள்ளி 5 ஆண்டு செல்லுபடியாகும். திரும்ப எழுத விரும்புபவர் 16 நாட் பொறுத்து எழுதலாம்.

இரண்டாவது, எல்லாருக்கும் இந்தப் பரீட்சை வேண்டியதில்லை. இதைச் சொல்லாமல் வகுப்பிலே சேர்த்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். இலங்கைப் பல்கலைக்கழகங்கள் வியாபார நிருவாக முதுமாணி வகுப்புக்குப் பெரும்பாலும் தங்கள் சொந்தத் தெரிவு முறையினாலேயே ஆள் எடுக்கின்றன. நமக்குக் கிட்ட உள்ள வவுனியாவிலே, 1997 இல் வளாகமாகத் தொடங்கி 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான நிறுவனத்தில் வணிகக் கற்கைகள் பீடம் ஒன்று இருக்கின்றது. யாழ்ப்பாணத்திலும் முகாமைத்துவ பீடம் உண்டு. கடல் கடந்து அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ போக எண்ணுபவர்களுக்கும், 1961 இல் அகமதாபாத்திலும் கல்கத்தாவிலும் தொடங்கப்பெற்ற இந்திய முகாமைத்துவ நிறுவனங்கள் போன்றவற்றுக்கு வெளிநாட்டு மாணவராக விண்ணப்பிப்பவர்களுக்குமே ஜிமாட் பெரும்பாலும் தேவைப்படும். எந்தக் கல்லூரி, எந்த வகுப்பு, அங்கே எந்தப் பரீட்சையைக் கேட்கிறார்கள் என்பதை முதலிலே விசாரித்தறிய வேண்டும். அதற்குக் காசு செலவில்லை. காப்பைக் கழற்றுவது அதற்குப் பிறகுள்ள காரியம்.

இன்னொன்றும் உண்டு. க.பொ.த. உயர்தரத்திலே நமது பிள்ளைகளுக்கு ஒரு சிறு கைத்தாங்கல் இருக்கிறது. பெரும்பாலான பல்கலைக்கழக வகுப்புகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமையின்படியும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், மிகுதி 5 சதவீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கென்றும் ஒதுக்கப்படுகின்றன. கிளிநொச்சியும் அந்த மாவட்டங்களில் ஒன்று. ஜிமாட்டுக்கு மாவட்டம் தெரியாது. குப்பி விளக்கில் படித்தவனா, குளிரூட்டிய அறையில் படித்தவனா என்று கணினி கேட்பதில்லை. 1996 இல் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்து, சனங்கள் இந்த ஸ்கந்தபுரம், அக்கராயன் பக்கமெல்லாம் கொட்டில் போட்டிருந்த காலத்திலே மரநிழலில் இருந்து படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இந்தப் பந்தலுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நியூயோர்க்கிலும் பம்பாயிலும் உள்ள பிள்ளைகளோடு ஒரே தராசில் ஏறப் போகிறார்கள். ஆகவே ஆயத்தம் வேண்டுமென்பதில் எனக்கு மாறுபாடில்லை. எப்படிப்பட்ட ஆயத்தம் என்பதே கேள்வி.

பரீட்சையின் அமைப்பைச் சற்று விளக்குகிறேன். மூன்று பகுதிகள்; ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். கணிதத்தில் 21 வினா, மொழியில் 23 வினா, தரவு நோக்கு என்னும் பகுதியில் 20 வினா. பகுத்துப் பார்த்தால் ஒரு வினாவுக்கு ஏறத்தாழ 2 நிமிடம். முன் வினாக்களுக்கு எப்படி விடை அளித்தீர்கள் என்பதைப் பார்த்தே கணினி அடுத்ததைத் தெரிகின்றது. சரியாகச் சொல்பவனுக்குக் கடினமானது வரும். "வர வரக் கஷ்டமாக இருக்கிறதே, பிழைக்கிறேனோ" என்று பதறுகிறவன் உண்மையில் நன்றாகச் செய்துகொண்டிருக்கலாம். இதை அறியாதவன் நடுவிலே மனமுடைந்து போவான். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூன்று விடைகளை மாத்திரம் மாற்ற இடமுண்டு. முடிக்காமல் விட்ட வினாவுக்குத் தண்டனையும் உண்டு.

கணிதம் என்றவுடன் பயப்பட வேண்டாம். சாதாரணதரத்துக் கணிதத்துக்கு மேலே அதிகம் இல்லை. வித்தியாசம் கேட்கும் விதத்திலே இருக்கின்றது. தரவு நோக்குப் பகுதியில் ஒரு வகை வினா வரும். அதை நமது ஊர்க் கதையாக மாற்றிச் சொல்கிறேன்.

ஒரு கமக்காரர் இந்தக் காலபோகத்திலே எத்தனை மூடை நெல் எடுத்தார்? இதுதான் வினா. கீழே இரண்டு கூற்றுகள் இருக்கும். ஒன்று: எடுத்ததில் மூன்றிலொரு பங்கை விதைக்கும் வீட்டுக்குமாக வைத்துவிட்டு மிகுதியை விற்றார். இரண்டு: அவர் விற்றது 40 மூடை. இப்போது நமது பிள்ளை என்ன செய்யும்? கடதாசியை எடுத்து, மூன்றில் இரண்டு பங்கு 40 என்றால் ஒரு பங்கு 20, முழுவதும் 60 என்று கணக்கைச் செய்து, அடியில் இரட்டைக் கோடும் போட்டுவிடும். பரீட்சை அதைக் கேட்கவே இல்லை. முதற் கூற்று தனியே போதுமா, இரண்டாவது தனியே போதுமா, இரண்டும் சேர்ந்தால் போதுமா, சேர்ந்தாலும் போதாதா என்பதே கேள்வி. 60 என்ற எண் யாருக்கும் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் போதும் என்று கண்டவுடன் அடுத்ததற்குப் போக வேண்டும்.

இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டாவது கூற்றை "அவர் எடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கை விற்றார்" என்று மாற்றி வைப்பார்கள். முன்னதும் பின்னதும் ஒரே செய்தி. சேர்த்தாலும் விடை வராது. அவசரக்காரன் இரண்டு கூற்று இருக்கிறதே என்று "போதும்" எனக் குறித்துவிடுவான்.

மாம்பழத்துக்குப் போட்டி வந்த கதையை நினைத்துப் பாருங்கள். கந்தனுடைய பெயரைத் தாங்கிய ஊரில் நின்று இதைச் சொல்லுகிறேன், முருகன் அடியார்கள் கோபிக்க வேண்டாம். மயிலுக்கு வேகம் இருந்தது. மூஷிகத்துக்கு வேகம் இல்லை; ஆனால் அதன்மேல் இருந்தவர் வினாவைத் திரும்ப ஒருமுறை வாசித்தார். உலகம் என்பது எது என்று கேட்டார். ஜிமாட்டிலே பழம் யாருக்குக் கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மொழிப் பகுதியிலும் இப்படியே. இலக்கண வினாக்கள் இப்போது இல்லை. ஒரு பந்தியைக் கொடுத்து விளங்கியதா என்று கேட்பார்கள். அல்லது ஒரு வாதத்தைக் கொடுத்து அதன் ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். "சந்தியிலே புதிய உரக்கடை திறந்த ஆண்டில் ஊரின் விளைச்சல் கூடியது, ஆகவே அந்தக் கடை உரமே காரணம்" என்று ஒருவர் சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். எது இந்த வாதத்தைத் தளர்த்தும்? அந்த ஆண்டிலே குளம் நிரம்பி வான் பாய்ந்து, கடைசி வாய்க்கால் வரையும் தண்ணீர் போனது என்ற செய்தி தளர்த்தும். அந்தக் கடைக்காரர் நல்லவர் என்ற செய்தி தளர்த்தாது, வலுப்படுத்தவும் செய்யாது. இதை நமது கமக்காரர் எவரும் வேப்பமர நிழலில் இருந்தபடி சொல்லிவிடுவார். ஆங்கிலத்தில், ஒன்பது வரியில், இரண்டு நிமிடத்துக்குள் வரும்போதுதான் நமது பட்டதாரியும் தடுமாறுகிறார்.

இனி வகுப்பைப் பற்றி. நான் எட்டுக் கிழமை போய்வந்தேன். வெள்ளி இரவு கிளிநொச்சியில் பஸ் ஏறினால் விடியக் கொழும்பு; சனி முழுவதும் வகுப்பு; திரும்ப இரவு பஸ். வகுப்பிலே பன்னிரண்டு பேர். பதினொருவர் கொழும்புக்காரர், மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருபவர்கள். படிப்பித்தவர் கெட்டிக்காரர்; அதில் குறை சொல்ல மாட்டேன். முதல் இரண்டு கிழமையிலேயே அவர் தரவேண்டியதில் முக்காற் பங்கைத் தந்துவிட்டார்: வினா வகைகளை இனங்காணுதல், எந்த வினாவை விட்டுவிட்டுப் போவது, மணிக்கூட்டை எப்போது பார்ப்பது, எண்களை வைத்துச் சோதிப்பது எப்படி, விடைகளிலிருந்து பின்னோக்கி வருவது எப்படி. இவை எல்லாம் உண்மையிலேயே பயனுள்ளவை. தனியே கண்டுபிடிக்க மாதக்கணக்காகும்.

மிகுதி ஆறு கிழமை என்ன நடந்ததென்றால், வகுப்பிலே வினாத்தாள் செய்தோம். அதை வீட்டிலிருந்தும் செய்யலாம். எனக்கு முதல் மாதிரிப் பரீட்சையில் 485 வந்தது. உண்மைப் பரீட்சையில் 565 வந்தது. அந்த ஏற்றத்திலே பெரும் பங்கு ஒரு நாற்பது பக்க அப்பியாசக் கொப்பியினால் வந்ததென்பது என் துணிபு. பிழைத்த ஒவ்வொரு வினாவையும் அதில் எழுதி, ஏன் பிழைத்தது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதினேன். ஒரு மாதத்தின் பின் புரட்டிப் பார்த்தபோது, கணிதம் தெரியாமல் பிழைத்தவை சிலவே. வினாவைச் சரியாக வாசிக்காமல் பிழைத்தவைதான் கொப்பியை நிறைத்திருந்தன. பிழைக் கொப்பி வைக்கும்படி சொல்லித் தந்தவர் அந்த ஆசிரியரே. ஆனால் அதை எழுதியது இந்த ஊரிலே, இரவு பத்து மணிக்குப் பிறகு.

வகுப்பினால் பயனுண்டோ இல்லையோ என்ற வழக்கு நமக்குப் புதிதுமல்ல, நமக்கு மாத்திரம் உரியதுமல்ல. லண்டன் மெற்றிக்குலேஷனுக்கும் எழுதுவினைஞர் பரீட்சைக்கும் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் விழுந்து விழுந்து படித்த கதையை நமது பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அமெரிக்காவிலே ஸ்ரான்லி கப்லன் என்பவர் 1938 இல், நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில், தம் பெற்றோர் வீட்டு நிலவறையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். பின்னர் கல்லூரிப் பிரவேசப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்விக்கும் பெரிய நிறுவனமாக அது வளர்ந்தது. பரீட்சை நடத்தியவர்களோ, இது ஒருவருடைய இயல்பான ஆற்றலை அளப்பது, வகுப்பினால் மாற்ற முடியாதது என்று சாதித்துவந்தார்கள். 1979 இல் அமெரிக்க அரசின் மத்திய வணிக ஆணைக்குழு இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. ஒரு பகுதிக்கு 200 முதல் 800 வரை புள்ளியுள்ள அந்தப் பரீட்சையில், கப்லனிடம் படித்தவர்களுக்கு ஒவ்வொரு பகுதியிலும் ஏறத்தாழ 25 புள்ளி கூடியிருந்ததாக அதிலே காணப்பட்டது. அதாவது, "ஒன்றும் கூடாது" என்றவர்களும் சரியல்ல. "மலையைப் புரட்டித் தருவோம்" என்று விளம்பரம் போடுபவர்களும் சரியல்ல. அது வேறொரு பரீட்சை, வேறொரு காலம் என்பதை மறக்கவில்லை. ஆயினும் வகுப்பு விற்பவருடைய துண்டுப் பிரசுரத்தை வாசிக்கும்போது அந்த 25 என்ற எண்ணை மனத்தில் வைத்திருப்பது நல்லது.

துண்டுப் பிரசுரம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். "புள்ளிக்கு உத்தரவாதம், இல்லையேல் காசு திரும்ப" என்று ஒரு நிறுவனம் எனக்கு எழுதித் தந்தது. பெயர் வேண்டாம். அடியில் சிறிய எழுத்திலே இருந்த நிபந்தனைகளை வாசித்தால், ஒரு வகுப்பும் தவறக்கூடாது, எல்லா வீட்டுவேலையும் ஒப்படைத்திருக்க வேண்டும், குறித்த நாளுக்குள் பரீட்சை எழுதியிருக்க வேண்டும். மழைக்கு ஒரு கிழமை பஸ் ஓடாவிட்டால் வன்னிப் பிள்ளையின் உத்தரவாதம் அங்கேயே முடிந்துபோகும்.

புத்தகத்திலும் கவனம் வேண்டும். 2023 நவம்பரில் பரீட்சை புதிய வடிவம் பெற்றது. பழைய வடிவம் 2024 ஜனவரியோடு முடிந்தது. கட்டுரை எழுதுவது போய்விட்டது. வாக்கியத் திருத்தம் போய்விட்டது. கேத்திரகணிதமும் போய்விட்டது. ஆனால் கொழும்பிலே பழைய புத்தகக் கடைகளில் தடித்த தடித்த பழைய வழிகாட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. சில வகுப்புகளிலே அவற்றின் பிரதியையே கையில் தருகிறார்கள். இனி ஒருபோதும் கேட்கப்படாத வாக்கியத் திருத்தத்தை மாதக்கணக்கில் மனனம் செய்துகொண்டிருந்த ஒரு பெடியனை எனக்குத் தெரியும். வாங்குமுன் புத்தகம் எந்த ஆண்டுப் பதிப்பு என்று பாருங்கள்.

எட்டுக் கிழமையில் எந்த வகுப்பினாலும் தர முடியாத ஒன்று ஆங்கிலத்தை வேகமாக வாசித்து விளங்கும் பழக்கம். நான் கண்ட பதினொரு கொழும்புப் பிள்ளைகளுக்கும் எனக்கும் இருந்த தூரம் கணிதத்திலே இல்லை, அதிலேதான் இருந்தது. அதற்கு மருந்து ஒரு வருடம். நாளுக்கு அரை மணித்தியாலம். ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியத் தலையங்கம் ஒன்றை வாசித்து, எழுதியவர் என்ன நிறுவப் பார்க்கிறார், எதை மறைக்கிறார் என்று தமிழிலே இரண்டு வரி எழுதுவது. தமிழில் எழுதச் சொல்வது வேண்டுமென்றேதான். ஆங்கிலத்தில் எழுதினால் அவர் சொன்ன சொற்களையே திருப்பி வைத்துவிட்டு விளங்கியதாக எண்ணிக்கொள்வோம். தமிழில் எழுதும்போது விளங்காதது உடனே அகப்பட்டுவிடும்.

இப்போது அந்தத் தாயாருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். அம்மா, காப்பைக் கழற்றுமுன் மகளை ஒரு மாதிரிப் பரீட்சை எழுதச் சொல்லுங்கள். பரீட்சை நடத்துபவர்களே இரண்டு முழு மாதிரிப் பரீட்சைகளை இணையத்தில் காசில்லாமல் தருகிறார்கள். வரும் புள்ளி அவள் விரும்பும் கல்லூரி கேட்கும் அளவுக்குக் கிட்ட இருந்தால், வகுப்பு அவளுக்கு உதவும். அதுவும் குறுகிய வகுப்பே போதும். தூரத்தில் இருந்தால், எந்தப் பகுதியிலே தூரம் என்று பாருங்கள். மொழியிலே என்றால் காசை இப்போது கட்ட வேண்டாம். ஒரு வருடம் வாசிக்கட்டும். பரீட்சைக் கட்டணமே 200 டொலருக்கு மேலே வருகிறது; அதற்கு முதலில் காசை ஒதுக்கி வையுங்கள். வீட்டிலிருந்தும் எழுதலாம் என்று விதி இருக்கின்றது. தனியறையும் கமராவும் அறாத இணையத் தொடர்பும் அதற்கு வேண்டும். இங்கே மின்சாரம் நின்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கொழும்புப் பரீட்சை நிலையத்துக்குப் போய் எழுதுவதே நிம்மதி.

சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். வாசிகசாலை மண்டபம் ஞாயிறு பிற்பகலில் சும்மா கிடக்கின்றது. ஒரு கணினி, ஒரு நீண்ட மேசை, சத்தம் போடும் பழைய சுவர் மணிக்கூடு எல்லாம் அங்கே இருக்கின்றன. ஞாயிறுதோறும் 2 மணித்தியாலம் 15 நிமிடம் அதைத் திறந்து தந்தால், மூன்று பகுதியையும் நேரம் பிடித்துச் செய்யலாம். அதன் பின் ஒரு மணித்தியாலம் பிழைக் கொப்பிகளைக் கைமாற்றி, ஒருவருடைய பிழையை மற்றவர் விளக்கலாம். கொழும்பு வகுப்பிலே எனக்குக் கிடைத்த குறிப்புகளை நான் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். அவற்றை வாசிகசாலைக்குக் கொடுத்துவிடுகிறேன். ஆங்கில வாசிப்புக்கு இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் வர இசைந்திருக்கிறார். சிறுபோக அறுவடை முடிந்த கிழமையில் தொடங்கலாம் என்பது என் எண்ணம். அதற்கு முன் வயலில் நிற்கும் பிள்ளைகளைக் கூப்பிட முடியாது. ஜிமாட் எழுதாதவர்களும் வரலாம். உயர்தரத்துப் பிள்ளைகளும் வரலாம். பெயர்களைச் செயலாளரிடம் கொடுங்கள். மூன்று பேர் சேர்ந்தாலும் தொடங்குவோம்.